போயா நாளில் கரண்ட் பில்லோடு வாருங்கள்

மாத்தளை மாவட்டத்தில் மிளகாய் மில், மா மில் வைத்திருப்பவர்களே, பேக்கரிக்காரர்களே, மிளகும் கராம்பும் சாதிக்காயும் காயவைத்து விற்கிறவர்களே, கலேவெல, தம்புள்ளைப் பக்கம் நெல் குற்றுகிறவர்களே, இரத்தோட்டையிலும் எல்கடுவையிலும் கொழுந்து வாங்கித் தூள் போடுகிறவர்களே! சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிற போயா நாளன்று காலை 9 மணிக்கு என் மில்லுக்கு வாருங்கள். போயாவுக்கு எல்லோருடைய கதவும் பூட்டித்தான் இருக்கும், சாக்குச் சொல்ல வழியில்லை. வரும்போது கடந்த 12 மாதத்துக் கரண்ட் பில்லைக் கையோடு கொண்டுவாருங்கள். இலாபக் கணக்கு வேண்டாம். வங்கிப் புத்தகம் வேண்டாம். பில் மட்டும் போதும்.

என்ன அவசரம் என்று கேட்பீர்கள். போன மாதம் எங்கள் தெருவில் இன்னொரு மில் மூடியாயிற்று. அந்தக் காலை நான் அங்கே நின்றேன். 15 எச்.பி. மோட்டாரை நான்கு பேர் தூக்கிவந்து பழைய இரும்புக்கடைத் தராசில் வைத்தார்கள். கடைக்காரர் மூடியைக் கழற்றி, உள்ளே செம்பு எவ்வளவு இருக்கிறது என்று விரலால் கீறிப் பார்த்துவிட்டு விலை சொன்னார். 30 வருடம் ஒரு ஊரின் மிளகாயை அரைத்த மோட்டார், கிலோ கணக்கில் போனது. அந்த மில் வாசலில் அதன் பழைய வேலையாள் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தார். பையைத் திறக்கவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறவர் நிற்கிற மாதிரி நின்றார்.

மூடிய பிறகுதான் முதலாளி எனக்குப் பில்லைக் காட்டினார். என் கோபமெல்லாம் அதில்தான். மூடுவதற்கு முன்பே காட்டியிருக்கலாமே! இரண்டு வருடமாகத் தேநீர்க் கடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கரண்ட் பில் கழுத்தை நெரிக்கிறது என்று புலம்பியவர், ஒரு நாள்கூட அந்தக் கடுதாசியை மேசையில் போடவில்லை. வெட்கம். நம் தொழிலில் பில்லை மறைப்பது நோயை மறைப்பது போல. வேலைக்கு இருந்த மூன்று பேரில் முதலில் ஒருவரை நிறுத்தினார், பிறகு இன்னொருவரை. சம்பளச் செலவு குறைந்தது, பில் குறையவில்லை. ஏன் குறையவில்லை என்று நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அவர் மின்கட்டணத்தில் ஐ-2 வகைப் பாவனையாளர். 42 கே.வி.ஏ.க்கு மேல் இணைப்பு எடுத்தால் அந்த வகைக்குள் போய்விடுகிறோம். அங்கே ஓடிய யூனிட்டுக்கு மட்டும் காசு கட்டினால் முடியாது. மாதத்தில் எந்த ஒரு கால் மணி நேரம் நாம் அதிகமாக இழுத்தோமோ, அந்தக் கால் மணிக்கு கே.வி.ஏ. கணக்கில் தனியாகக் கட்டணம் உண்டு. அவருடைய மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து ஓடினால் 30 கிலோவாட். ஆனால் பில்லில் நின்ற இலக்கம் 43 கே.வி.ஏ. பழைய மோட்டார், பாதிச் சுமையில் ஓடுகிற மோட்டார், திரும்பச் சுற்றிய மோட்டார், இவை வேலைக்கு உதவாத மின்னோட்டத்தையும் சேர்த்து இழுக்கும். அதனால் வலுக்காரணி, அதாவது இழுத்ததில் வேலைக்கு உதவும் பங்கு, 0.7க்கு இறங்கிவிட்டது. சரியான அளவில் ஒரு கப்பாசிட்டர் பெட்டி பூட்டி அதை 0.95க்கு ஏற்றியிருந்தால் அதே 30 கிலோவாட்டுக்கு 32 கே.வி.ஏ. போதும். மாதாமாதம் 11 கே.வி.ஏ.க்கு அவர் சும்மா காசு கட்டியிருக்கிறார். அந்தக் காசில் நின்றுபோன ஒருவருடைய சம்பளத்தில் கொஞ்சமாவது தேறியிருக்கும்.

மோட்டாரை ஸ்டார்ட் பண்ணும்போது இழுக்கிற இழுவையால்தான் பில் ஏறுகிறது என்று நம்மில் பாதிப் பேர் நம்புகிறோம். அது சில விநாடிச் சங்கதி, கால் மணிச் சராசரியில் கரைந்துபோகும். மில்லும் சல்லடையும் புளோவரும் தண்ணீர்ப் பம்பும் எல்லாமே ஒரே நேரத்தில் 15 நிமிடம் ஓடுகிறதே, அதுதான் இலக்கத்தை ஏற்றுகிறது. பம்பை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடவிடுங்கள். அவ்வளவுதான்.

இதை நான் வாத்தியாராக நின்று சொல்லவில்லை. மில் தொடங்குவதற்கு முன் 22 வருடம் மலையில் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தவன். அங்கே வாட்டும் தட்டுகளில் இரவு முழுக்கக் காற்றாடி ஓடும். 4 கிலோவுக்கு மேலே, ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தூள். மிச்சமெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரை விரட்டத்தான் காற்றும் நெருப்பும். விடியற்காலை 3 மணிக்குக் கொழுந்தைக் கையில் பிடித்து உருட்டிப் பார்ப்போம். பந்துபோலப் பிடித்து, விட்டதும் மெல்ல விரிந்தால் வாட்டம் சரி. சரியான பிறகும் காற்றாடி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், நிறுத்தச் சொல்ல ஆள் இருக்காது. காற்றாடி விஷயத்தில் ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு குறையாது, ஏறத்தாழப் பாதியாகிவிடும். மும்மடியாக இறங்கும் கணக்கு அது: 0.8 தர 0.8 தர 0.8. வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வேர்ட்டர் பூட்டிய ஸ்டோர்கள் தப்பித்ததற்கு இதுதான் காரணம். உங்கள் புளோவருக்கும் தூசி இழுக்கும் காற்றாடிக்கும் இதே கணக்குத்தான்.

2022ஐ மறந்துவிடவில்லை அல்லவா? அந்த ஏப்ரலில் நாடு வெளிக்கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அதற்கு முந்தைய வாரங்களில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை இருட்டு. மின்வெட்டு அட்டவணையில் நமக்கு எந்த ஆங்கில எழுத்து, இன்றைக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று போனைப் பார்த்துத்தான் மிளகாயை ஹொப்பரில் கொட்டினோம். பாதி அரைபடும்போது கரண்ட் போய், அறைக்குள் அடைபட்ட தூளைக் கரண்டியால் சுரண்டினோம். ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய், அதுவும் வரிசையில் நின்றவனுக்கு. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340. அதே ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். அந்த மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: கரண்டை உற்பத்திச் செலவுக்குக் குறைத்து விற்கக்கூடாது. பிறகு கட்டணம் குறைந்தது, கூடியது, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்தது, ஜூனில் 15 சதவீதம் கூடியது. இனி கரண்ட் விலை கடலலை மாதிரித்தான். யாரோ வந்து பழைய விலைக்குக் கொண்டுபோவார்கள் என்று காத்திருக்கிறவர் கடையைப் பூட்டும் நாளுக்காகக் காத்திருக்கிறார்.

இதில் வேடிக்கை ஒன்று. பொல்கொல்லையில் மறித்த மகாவலித் தண்ணீர் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக நம் உக்குவெலவில் வந்துதான் விழுகிறது. 1976இலிருந்து அங்கே டர்பைன் சுற்றுகிறது. அங்கிருந்து போவத்தென்ன, அதற்கும் கீழே மொரகஹகந்த. மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 100 மெகாவாட் நம் மாவட்டத்து மண்ணில் பிறக்கிறது. 2022இல் அந்த டர்பைன் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்த மில்களும் இருட்டில்தான் கிடந்தன. நம் தாத்தாமார் காலத்தில் எத்தனையோ தோட்டத்து ஸ்டோர்கள் பக்கத்து ஓடைத் தண்ணீரிலேயே தங்கள் இயந்திரத்தை ஓட்டின. தேசிய கம்பி வந்ததும் அந்த டர்பைன்களைத் துருப்பிடிக்க விட்டோம். அது வேறு கதை, ஆரம்பித்தால் கட்டுரை கோபமாகிவிடும்.

இப்போது கார்பன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பது தெரியும். கொழும்பு ஹோட்டல் மண்டபத்தில் போத்தல் தண்ணீர் குடித்துக்கொண்டு பேசுகிற பேச்சு, நமக்கு எதற்கு என்பீர்கள். பாதி உண்மை. ஓர் இலங்கையர் வருடத்துக்கு விடுகிற கரியமில வாயு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி அதைப் போல நான்கு மடங்குக்கு மேல். மாத்தளை மிளகாய் மில்லால் பூமி சூடாகவில்லை. ஆனால் சூடானதன் பலனை வாங்குகிறவர்கள் நாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. நம் மலைகளும் சரிந்தன, லயங்கள் மண்ணுக்குள் போயின, பாதை அறுந்து கொழுந்து மேலேயே கறுத்தது. மழை காலம் தவறினால் மிளகுக் கொடியில் பூ நிற்காது என்பதை எந்த விஞ்ஞானியும் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பாதியைப் பாருங்கள். மாலை 6.30 முதல் 10.30 வரை நாடே விளக்குப் போடுகிறது. சூரியன் இல்லை. நுரைச்சோலை நிலக்கரியும் போதாமல் எண்ணெய் எரிக்கும் நிலையங்களை முடுக்குகிறார்கள். அந்த நான்கு மணி நேரத்துக்குத்தான் ஐ-2 பில்லில் யூனிட் விலையும் உச்சம். அழுக்கான கரண்டும் விலை கூடிய கரண்டும் ஒரே கரண்ட்தான்! அந்த நேரத்தில் நீங்கள் மில்லை நிறுத்தினால் உங்கள் பையும் தப்புகிறது, வானமும் தப்புகிறது. பேக்கரித் தோழர்களே, மாலையிலேயே மாப் பிசையும் இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் இரவு 10.30க்குப் பிறகு ஓட்டிப் பாருங்கள். விடியற்காலை 5.30 வரை அதுதான் ஆகக் குறைந்த விலை. பாண் எப்படியும் விடியத்தானே வேண்டும்.

விறகுக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மண்ணெண்ணெயும் டீசலும் எட்டாத உயரத்துக்குப் போனபிறகு நம்மில் பலர் விறகுக்குத் திரும்பிவிட்டோம். போன மாதம் உக்குவெலப் பக்கம் ஒரு மிளகு உலர்த்தும் இடத்துக்குப் போனேன். அடுப்பு எரிகிறது, ஆனால் மூச்சுத் திணறுகிற மாதிரி எரிகிறது. கட்டையின் பின் நுனியில் வெள்ளையாக நுரை தள்ளுகிறது, சீறுகிற சத்தம், புகைபோக்கியில் கறுப்பும் இல்லாத வெள்ளையும் இல்லாத மஞ்சள் புகை. அண்ணே, இது எப்போது வெட்டிய மரம் என்றேன். போன கிழமை என்றார். எடை போட்டா வாங்கினீர்கள் என்றேன். ஆமாம் என்றார். நெற்றியில் அடித்துக்கொண்டேன். புதிதாய் வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீர். அவர் பாதிக் காசைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சப் பாதி விறகின் சூட்டில் ஒரு பகுதியை அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவழிக்கிறார். டிரக்டர் லோட் கணக்கில் வாங்குகிறவருக்கு நட்டம் இதைவிடக் குறைவுதான், ஆனாலும் அடுப்பு சூடு பிடிக்காது, குழாயில் கரி படியும், மிளகில் புகை வாடை ஏறும். பிளந்து, காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கி, மேலே தகரம் போட்டு ஆறு மாதம் வையுங்கள். முதலீடு என்னவென்றால் ஒரு தகரக் கூரையும் பொறுமையும்.

விறகுக்குக் காட்டையும் தொடத் தேவையில்லை. நம் மிளகுக் கொடி எதில் ஏறி நிற்கிறது? கிளிரிசீடியாவில். வருடத்துக்கு இரண்டு தடவையாவது அதன் கிளைகளைக் கவ்வாத்துப் பண்ணித்தான் ஆக வேண்டும். இலை மண்ணுக்கு உரம். தடி அடுப்புக்கு. வெட்டிய மரம் திரும்பத் துளிர்த்து, எரிந்த கரியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. 2005இலேயே அதை நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தார்கள். நாம் இன்னும் அதை வேலிக்கு ஓரமாக வெட்டிப் போட்டு மழையில் மக்கவிடுகிறோம். அதோடு, மிளகைக் காம்பு நீக்கிய பிறகு கொதிநீரில் ஓரிரு நிமிடம் முக்கி எடுத்தால் சீக்கிரம் காயும், நிறமும் நல்ல கறுப்பாக வரும். இதையெல்லாம் கேட்டறிய ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் நம் மாத்தளையில்தான் இருக்கிறது. மூக்கு நுனியில் இருக்கிற இடத்துக்கு நாம் எத்தனை தடவை போயிருக்கிறோம்?

சோலரைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். என் பதில் சிலருக்குப் பிடிக்காது. பூட்டுங்கள், ஆனால் கடைசியில் பூட்டுங்கள். ஓட்டைப் பானைக்குத் தங்கக் குழாய் வைக்கிற வேலை வேண்டாம். 2022 கடைசியில் வங்கி வட்டி 25 சதவீதத்தைத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாம். இப்போது இறங்கியிருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக் கடன் எடுக்கக்கூடாது. கரண்டை வெளியே விற்றுப் பணம் பார்க்கலாம் என்ற நினைப்பையும் விடுங்கள். 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்குத் தொழிற்சாலைகள் மூடியதும், பகலில் கரண்ட் மிஞ்சிப்போகிறது என்று கூரைச் சோலர்காரர்களை ஓஃப் பண்ணச் சொன்னார்களே! மில் பகலில் ஓடுகிறது. ஓடுகிற அளவுக்குப் பூட்டி, அந்த நேரத்திலேயே தின்றுவிடுங்கள். அப்போது யாரும் நம்மை ஓஃப் பண்ணச் சொல்ல முடியாது.

இவையெல்லாம் தனித்தனியாகச் செய்யக்கூடிய வேலைதானே, கூட்டம் எதற்கு? மூன்று காரியம் தனியாக ஆகாது. வலுக்காரணியும் சுமையும் அளக்கிற கருவி ஒன்று நமக்கு வேண்டும். ஒருவர் வாங்கினால் அலுமாரியில் தூங்கும், 20 பேர் வாங்கினால் தினமும் ஒரு மில்லில் வேலை செய்யும். கப்பாசிட்டரையும் இன்வேர்ட்டரையும் ஒன்றிரண்டாக வாங்கினால் கடைக்காரர் சொன்னதே விலை, மொத்தமாகப் போனால் நாம் சொல்வதும் விலை. மூன்றாவது, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. கட்டணம் மாற்றும்போது அவர்கள் பொதுமக்களின் கருத்தை எழுத்திலும் நேரிலும் கேட்கிறார்கள். 2024 டிசம்பரில் மின்சார சபை கட்டணத்தை மாற்ற வேண்டாம் என்றுதான் சொன்னது. கருத்துக் கேட்ட பிறகு, 2025 ஜனவரியில் ஆணைக்குழு அதை 20 சதவீதம் குறைத்தது. அங்கே பலர் போய்ப் பேசினார்கள். அரைவை மில்காரர் எத்தனை பேர் போனோம்? தமிழ்நாட்டைப் பாருங்கள். கட்டண உயர்வுக்கு எதிராக 2023 செப்டெம்பர் 25ஆம் திகதி சிறுதொழில்காரர்கள் ஒரு நாள் கதவடைத்தார்கள். கோயம்புத்தூர் லேத் பட்டறையும் திருப்பூர் தையல் யூனிட்டும் ஒன்றாய் நின்றன. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை, ஆனால் உச்சநேரக் கட்டணத்தில் அரசு இறங்கி வந்தது.

ஆணைக்குழுவிடம் வெறும் கையோடு போய் அழுதால் எடுபடாது. 50 மில்லின் 12 மாதப் பில். எந்த மாதம் எவ்வளவு, எந்தக் கால் மணியில் எவ்வளவு, நாங்கள் எவ்வளவு குறைத்தோம், அதற்கு மேல் குறைக்க உங்கள் கட்டண முறை எப்படித் தடுக்கிறது. அந்தக் கட்டுக்கு முன்னால் எந்த அதிகாரியும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத்தான் வேண்டும்.

வேலையாட்களையும் கூட்டி வாருங்கள். இதில் சிலருக்குத் தயக்கம் இருக்கும், பில்லைத் தொழிலாளியிடம் காட்டுவதா என்று. காட்டுங்கள். பெல்ட் எப்போது வழுக்குகிறது, சுத்தியல் எந்தப் பக்கம் மழுங்கியிருக்கிறது, ஈர மிளகாய் வந்தால் மோட்டார் எப்படி முனகுகிறது என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரியும். மிச்சம் பிடிப்பதில் ஒரு பங்கு அவர்கள் சம்பளத்தில் ஏற வேண்டும் என்பது என் நிபந்தனை. இதை ஏற்காதவர்கள் வந்து என்னோடு சண்டை போடலாம், தேநீர் உண்டு.

முதல் பில்லாக என்னுடையதைத்தான் சுவரில் ஒட்டப்போகிறேன். அதில் போன பெப்ரவரியில் ஓர் இலக்கம் குதித்து நிற்பது தெரியும். காரணம் என் மண்டை. த்ரீவீலில் வந்த ஒருவர் பிளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். 22 வருடம் ஃபிட்டராக இருந்தவன் 3,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பில் பாதியாகிவிடும் என்ற துணிச்சலில் பம்பையும் மில்லையும் சேர்த்தே ஓடவிட்டேன். பெட்டியைக் கழற்றி வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு பச்சை லைட்டும் நகமளவு கப்பாசிட்டரும்தான். மேசையில் திறந்தபடி கிடக்கும், பார்த்துச் சிரித்துவிட்டு உட்காருங்கள். சரியாக 9 மணி.